சுத்தமூக்கரும் பதினோராம் கோடும்

"கண்ணுக்கே தெரியாததை எப்படி மாமா கண்டுபிடிக்கிறீங்க?"

"அதை ரெண்டாக்குவோம். ரெண்டை நாலாக்குவோம். நாலை எட்டாக்குவோம். இப்படியே நாப்பது தடவை. அப்புறம் அது எங்கயும் ஒளிஞ்சிக்க முடியாது. மெஷின்ல கோடா எழும்பி நின்னுடும்."

"எது ஒளிஞ்சிருந்தாலும் கண்டுபிடிச்சிடுமா?"

"மூக்குக்குள்ள இருந்தா கண்டுபிடிச்சிடும்."

"ரகசியத்தை?"

"அதெல்லாம் அதால முடியாது வாலு."

"அப்பாடா!" என்று மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டாள் அந்த ஆறு வயதுக்காரி. "அப்போ காதைக் குடுங்க. ஒண்ணு சொல்லணும்."

அவர் குனிந்து இடது காதைக் கொடுத்தார். சூடாக ஒரு மூச்சு வந்தது. பிறகு ஒரு சிரிப்பு. பிறகு, "வேண்டாம் மாமா, அப்புறம் சொல்றேன்," என்று ஓடியேவிட்டாள்.

இது நடந்து நாலு நாள் ஆகிவிட்டது. இன்று காலை பத்தரை மணிக்கு, தன் சொந்த மூக்கிலிருந்து ஒரு கோடு மெஷின் திரையில் எழும்புவதைப் பார்த்துக்கொண்டு நின்ற டெக்னீஷியனுக்கு, 'எங்கயும் ஒளிஞ்சிக்க முடியாது' என்று தான் பெருமையடித்தது மட்டும் ஞாபகம் வந்தது. மற்றதெல்லாம் மறந்துபோயிருந்தது.

"இது என்ன கோடு?" என்று கேட்டார் அவர் பின்னால் நின்ற தர ஆய்வாளர்.

"அது... வராதே சார்."

"வந்திருக்கே."

வரக்கூடாதுதான். குழந்தைகள் ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் இருந்த அந்த லேபில், எந்தப் புதிய டெஸ்ட் கிட் வந்தாலும் முதலில் நோயே இல்லாத ஒரு மூக்கை வைத்துச் சோதித்துப் பார்ப்பது வழக்கம். ஒன்றுமில்லாத இடத்தில் ஒன்றுமில்லை என்று சொல்லத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டுமே. பதினோரு வருஷமாக அந்த மூக்கு இவருடையதுதான். எத்தனை சீசன் வந்தாலும், மாடி முழுக்க இருமினாலும், இவர் மூக்கு மட்டும் துடைத்துவைத்த கண்ணாடி மாதிரி இருக்கும். அதனாலேயே லேபில் அவருக்குச் 'சுத்தமூக்கர்' என்று பெயர். அந்தப் பெயர் தந்த ஒரே பெருமை இப்போது பதினோராம் நம்பர் கட்டத்தில், இருபத்துநாலாவது இரட்டிப்புச் சுற்றில், சிவப்பாக ஏறிக்கொண்டிருந்தது.

"பதினோராம் நம்பர் எந்த வைரஸ்?" என்றார் ஆய்வாளர், சிவப்புப் பேனாவைத் திறந்தபடி.

"பாராஇன்ஃப்ளுயென்ஸா, நாலாவது வகை சார். லேசான ஜலதோஷம் வரும், போயிடும். ரொம்ப அபூர்வம். நான் இதுவரைக்கும் கண்ணால பார்த்ததே இல்ல."

"இன்னைக்குப் பார்த்துட்டீங்க," என்று எழுதிக்கொண்டார் ஆய்வாளர். வந்து மூன்று நாளாகியும் அவர் சிரித்ததை யாரும் பார்க்கவில்லை.

அவர் கையெழுத்தில்தான் எல்லாம் இருந்தது. இதுவரை வார்டில் ஒரு குழந்தை மூச்சுத் திணறினால், அதன் மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்த சளியை, ஐஸ் பெட்டியில் வைத்து வெகுதூரத்துப் பெரிய லேபுக்கு அனுப்ப வேண்டும். பதில் வர மூன்று நாள். அதற்குள் குழந்தை தேறி வீட்டுக்குப் போயிருக்கும், அல்லது பக்கத்துக் கட்டில் குழந்தைக்கும் தொற்றவைத்திருக்கும். புதிய கிட் வந்தால் பதினாறு வைரஸ்களில் எது என்று ஒன்றேகால் மணி நேரத்தில் இங்கேயே தெரிந்துவிடும். ஆனால் தர ஆய்வாளர் கையெழுத்துப் போடாமல் ஒரு ரிப்போர்ட்கூட வெளியே போகக்கூடாது. இன்று போடாவிட்டால் அடுத்து அவர் வர ஆறு மாதம். இருமல் சீசனே முடிந்திருக்கும்.

அன்று காலைதான் வார்டிலிருந்து ஒரு பத்து மாதக் குழந்தையின் சளி வந்திருந்தது. ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். அதன் விடை மெஷினுக்குள்ளேயே பூட்டிக்கிடந்தது.

"டேபிள்ல எதாவது சிந்தியிருக்கும் சார். சுத்தம் பண்ணிட்டு மறுபடி ஓட்டறேன்," என்றார் சுத்தமூக்கர்.

அவர் சுத்தம் பண்ணியதை வாழ்க்கையில் யாரும் மறக்க மாட்டார்கள். பிளீச்சிங் கரைசலை மேஜை, நாற்காலி, கதவுப் பிடி, பேனா என்று ஒன்று விடாமல் துடைத்தார். சாதாரணமாக ஒரு மூடி ஊற்றுகிற இடத்தில் ஒரு புட்டி ஊற்றினார். கால் மணி நேரத்தில் மூன்றாவது மாடியில் இருந்த அத்தனை பேருக்கும் கண்ணில் நீர், மூக்கில் நீர்.

"யாரு செத்துட்டாங்க?" என்று வெளியே சளி வாங்குகிற கவுன்டரிலிருந்து எட்டிப் பார்த்தாள் கவுன்டர் அக்கா. "எல்லாரும் அழுதுட்டு நிக்கறீங்க?"

"கதவைச் சாத்துங்கக்கா!"

"சாத்தினா நான் செத்துடுவேன் தம்பி!"

மறுபடி ஓட்டினார். இந்த முறை பக்கத்துக் குழாயில் வெறும் தண்ணீரும் வைத்தார். ஒன்றேகால் மணி நேரம் கழித்துத் தண்ணீரின் கோடு தரையோடு தரையாகப் படுத்திருந்தது. மூக்கின் கோடு எழுந்து நின்றது. அதே பதினொன்று. அதே இருபத்துநாலு.

"மேஜை சுத்தம்," என்றார் ஆய்வாளர், கைக்குட்டையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு. "உங்க மூக்குதான் சுத்தமில்ல."

பதினோரு வருஷத்து நல்ல பெயர் ஒரு காலையில் போயிற்று.

ஆனால் ஒன்று மட்டும் அவருக்குப் புரியவில்லை. பெரிய லேபில் ஏற்கெனவே விடை தெரிந்த ஆறு குழந்தைகளின் சளியையும் கூடவே ஓட்டியிருந்தார். ஆறும் அச்சுப் பிசகாமல் சரி. ஒரு குழந்தைக்கு மூன்றாம் கட்டத்தில், இன்னொன்றுக்கு ஏழில், வேறொன்றுக்கு மூன்றும் ஒன்பதும் சேர்ந்து, அதது தன் தன் இடத்தில் விளக்கேற்றியதுபோல் எழுந்தது. இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் காட்சிக்கு அவர் கைவேலையை நிறுத்திவிடுவார். ஒரு துளிச் சளியில், எந்தக் கண்ணாலும் பார்க்க முடியாத ஒன்று, 'நான்தான், இங்கேதான் இருக்கிறேன்' என்று தானே எழுந்து நிற்பது. கட்டிலில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கிற, பேச்சே வராத ஒரு குழந்தை சொல்ல முடியாததை அந்தக் கோடு சொல்லிவிடுவது.

"குழந்தைங்களுக்கெல்லாம் சரியா வருது சார். பதினொண்ணு ஒருத்தருக்கும் இல்ல."

"அப்போ இன்னொரு நல்ல மூக்கைக் காட்டுங்க."

நல்ல மூக்குக்கு எங்கே போவது? கவுன்டர் அக்காவைக் கூப்பிட்டார். லிஃப்ட் ஓட்டுகிற அண்ணனையும் பிடித்துக்கொண்டு வந்தார்.

"எனக்கு ஜலதோஷம் வந்து ரெண்டு வருஷமாச்சு," என்றாள் அக்கா.

"எனக்கு வந்ததே இல்ல. நான் மேலயும் கீழயும் போயிட்டு வர்றதுக்குள்ள அது இறங்கிடும்," என்றார் லிஃப்ட் அண்ணன்.

பஞ்சுக்குச்சி உள்ளே போனதும் அக்கா, "ஐயோ, மூளையைத் தொட்டுட்டீங்க தம்பி!" என்றாள்.

"அவ்வளவு தூரம் போகலக்கா."

"இருந்தாத்தானே தொட," என்றார் அண்ணன். அடுத்த நிமிஷம் தன் முறை வந்ததும் வாயை மூடிக்கொண்டார்.

மதியம் இரண்டரைக்குத் திரையில் இரண்டு கோடுகள் எழும்பி நின்றன. அக்காவுக்குப் பதினொன்று, இருபத்திரண்டாம் சுற்றில். அண்ணனுக்குப் பதினொன்று, இருபத்தேழில்.

"ரெண்டு பேரும் யார்கிட்டயாவது ஜலதோஷக்காரங்ககிட்ட ஒட்டி நின்னீங்களா?"

"நானா? இல்லையே!" என்றாள் அக்கா, கேள்வி முடிவதற்குள். இடது காதைத் தேய்த்துக்கொண்டாள்.

"நான் யார்கிட்டயும் நிக்கறதில்ல. ஸ்டூல்ல உக்காந்திருக்கேன்," என்றார் அண்ணன். அவரும் இடது காதைத் தேய்த்துக்கொண்டார்.

போன் அடித்தது. வார்டிலிருந்து சிஸ்டர்.

அந்தக் குரலைக் கேட்டதும் சுத்தமூக்கர் நிமிர்ந்து நின்று சட்டைக் காலரைச் சரிசெய்தார். போனில் தெரியாது என்பது அவருக்கும் தெரியும். தினமும் சாயங்காலம் ரிப்போர்ட் கட்டை வார்டு வாசல் வரை அவரே எடுத்துக்கொண்டு போவார். இரண்டு வருஷமாக ஒரே ஒரு கேள்வியை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே நடப்பார். வாசலில் அவள் வந்து நின்றதும், "ரிப்போர்ட், சிஸ்டர்," என்று மட்டும்தான் வாயில் வரும். போன வாரம் தொண்டைவலி என்று அவள் இரண்டு நாள் லீவு. அந்த இரண்டு நாளும் ரிப்போர்ட் கட்டை அட்டெண்டரிடம் நீட்டினார். "இத்தனை நாளா இது என் வேலையா சார்?" என்று அட்டெண்டர் திகைத்துப்போனார்.

கணவர் இறந்து நாலு வருஷமாகிறது சிஸ்டருக்கு. 'வாலு' அவளுடைய மகள். பள்ளி விட்டதும் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து, அம்மாவின் டியூட்டி முடியும்வரை லேப் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். லேபுக்கு முன்னால் தரையில் ஒரு மஞ்சள் கோடு உண்டு. அதைத் தாண்டி உள்ளே வரக்கூடாது என்பது அவளுக்குத் தெரியும். கோட்டின் மேல் கால் கட்டைவிரலை வைத்துக்கொண்டு நிற்பாள், அவ்வளவுதான்.

"சார், அந்தப் பத்து மாசக் குழந்தையோட ரிசல்ட் வந்துச்சா?" என்றாள் சிஸ்டர். "தனி ரூம் ஒண்ணுதான் இருக்கு. ஆறு மணிக்குள்ள இவனுக்கு வேணுமா, வேற குழந்தைக்கான்னு சொல்லணும். அவங்கம்மா என் கையையே பிடிச்சிட்டு நிக்கறாங்க."

"வந்துடும் சிஸ்டர்."

"உங்க மூக்கைப் பத்தி வார்டு முழுக்கப் பேச்சா இருக்கு. உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர்... நான் வந்து..."

"சொல்லுங்க."

"ரிப்போர்ட் வந்ததும் கூப்பிடறேன், சிஸ்டர்."

போனை வைத்தார். கவுன்டர் அக்காவும் லிஃப்ட் அண்ணனும் ஒருவரையொருவர் பார்த்துப் பெருமூச்சு விட்டது அவர் கண்ணில் படவில்லை.

சத்தம் கேட்டு லேப் தலைவியான டாக்டரம்மா தன் அறையிலிருந்து வந்தார். "நகருங்க. என் மூக்கை எடுங்க. எத்தனை வருஷமா இந்தப் பூச்சிகளோடயே குடும்பம் நடத்தறேன், ஒண்ணும் என்னைத் தொட்டதில்ல."

தொட்டிருந்தது. பதினொன்று. அதுவும் இருபதாவது சுற்றிலேயே.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். கோடு அப்படியே நின்றது. பிறகு மெதுவாக, இடது காதைத் தேய்த்துக்கொண்டார்.

"எல்லாரும் மாஸ்க் போடுங்க. லேபை விட்டு யாரும் வார்டுப் பக்கம் போகக்கூடாது," என்றார் சின்னக் குரலில்.

"அதுக்கு அவசியமே இருக்காதும்மா," என்று ஆய்வாளர் காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார். "இந்தக் கிட் குழந்தைங்களை விட்டுடுது, பெரியவங்களைப் பார்த்தா பதினொண்ணுங்குது. இப்படி ஒண்ணை நான் பார்த்ததே இல்ல. இவ்வளவு பேருக்கு நிஜமாவே வந்திருந்தா, யார்கிட்டேயிருந்து வந்துச்சு? அந்த ஆளைக் காட்டுங்க, இப்பவே கையெழுத்துப் போடறேன். இல்லேன்னா பெட்டியைக் கட்டுங்க."

டாக்டரம்மா கூரையைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தாள். அண்ணன் லிஃப்ட் மணி அடிக்காமலேயே, "லிஃப்ட் அடிக்குது," என்று கிளம்பப் பார்த்தார்.

சுத்தமூக்கருக்கு அழுகை வரும்போல் இருந்தது. இந்த முறை பிளீச்சிங் காரணமில்லை. உள்ளே ஒரு குழந்தையின் விடை பூட்டிக்கிடக்கிறது. சாவி இந்த மனிதரின் பேனாவில் இருக்கிறது. ஒரு நல்ல மூக்கு, ஊரிலேயே ஒரே ஒரு நல்ல மூக்கு கிடைத்தால் போதும்.

"சார்," என்றார். "நீங்க வெளியூர். வந்து மூணு நாள்தான் ஆகுது. உங்க மூக்கைக் குடுங்க."

ஆய்வாளர் பேனாவை மூடினார். இருபது வருஷ சர்வீசில் எத்தனையோ லேபில் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். மூக்கை யாரும் கேட்டதில்லை.

"தாராளமா எடுங்க," என்று தலையை நிமிர்த்தினார். "அப்பவாவது உங்களுக்கு நெகட்டிவ்னா என்னன்னு தெரியட்டும்."

ஓட்டம் துவங்கியது. ஐந்து பேரும் திரைக்கு முன்னால் நின்றார்கள். பத்தாவது சுற்று, ஒன்றுமில்லை. இருபது, ஒன்றுமில்லை. முப்பதிலும் கோடு தரையோடு படுத்திருந்தது. "பார்த்தீங்களா?" என்றார் ஆய்வாளர்.

முப்பத்துநாலாவது சுற்றில் பதினோராம் கோடு தலையை லேசாக நிமிர்த்தியது. தூங்கி எழுகிற குழந்தை மாதிரி மெல்ல, சந்தேகத்தோடு, பிறகு துணிந்து, மேலே மேலே ஏறியது.



"முப்பத்துநாலு," என்றார் சுத்தமூக்கர், தனக்குத்தானே. "சீக்கிரம் எழும்பினா நிறைய இருக்குன்னு அர்த்தம், இவ்வளவு லேட்டா எழும்பினா ரொம்பக் கொஞ்சம். இப்பதான் வந்திருக்கு. ரெண்டு மூணு நாள்தான் இருக்கும். டாக்டரம்மாவுக்கு நிறைய. அக்காவுக்கு அதைவிடக் கம்மி, எனக்கு இன்னும் கம்மி, அண்ணனுக்கு அதைவிடக் கம்மி. ஒண்ணொண்ணும் வேற வேற உயரம். கிட் தப்பா இருந்தா எல்லாருக்கும் ஒரே மாதிரில்ல எழும்பியிருக்கணும்? இது... இது ஏதோ ஒண்ணு நடந்து போன வழி சார். ஒவ்வொருத்தர்கிட்டயா நின்னு, நின்னு..."

மூன்று மாடி, ஐந்து பேர், கண்ணுக்குத் தெரியாத ஒரு யாத்திரை. அது போன தடம் திரையில் எழுதியிருந்தது.

ஆய்வாளர் நெடுநேரம் அந்தக் கோட்டையே பார்த்தார். முகம் சிவந்தது. கை தானாகப் போய் இடது காதைத் தேய்த்தது.

"கிட் சரியாத்தான் வேலை செய்யுது," என்றார்.

"சார்?"

"யார்கிட்டேயிருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். முதல் நாள் வெளிய பெஞ்சுல உக்கார வெச்சீங்களே, அப்போ. ஆனா சொல்ல முடியாது. கைமேல அடிச்சுச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்."

"நானும்," என்றார் டாக்டரம்மா மெல்ல.

"உங்ககிட்டயுமா!" என்றாள் அக்கா. "என்கிட்ட மட்டும்தான் சொல்றேன்னாளே!"

"என் லிஃப்ட்டுல நாலு தடவை மேலயும் கீழயும் போய்ட்டு அப்புறம்தான் சொல்லிச்சு," என்றார் அண்ணன்.

சுத்தமூக்கர் நாலு பேரின் முகத்தையும் பார்த்தார். நாலு பேரின் காதையும் பார்த்தார். தன் கையும் இடது காதில் இருப்பதை அப்போதுதான் கவனித்தார். சூடான அந்த மூச்சும், சட்டைக் கையில் துடைத்துக்கொண்ட மூக்கும் ஞாபகம் வந்தன. ஊரில் உள்ள மூக்கையெல்லாம் சோதிக்கிறவர், கண்ணெதிரே ஒழுகிய மூக்கைக் கோட்டைவிட்டிருந்தார்.

"வாலு!" என்று பஞ்சுக்குச்சியோடு வெளியே ஓடினார்.

அவள் மஞ்சள் கோட்டின் மேல் கட்டைவிரலை வைத்து நின்றுகொண்டிருந்தாள். அம்மாவுக்குப் போனில் சொல்லி, அவள் 'எடுங்க' என்று சொன்ன பிறகுதான் எடுத்தார்கள். தும்மலைத் தவிர வேறு எதிர்ப்பு இல்லை.

அவளுடைய கோடு பதினைந்தாவது சுற்றிலேயே விருட்டென்று கிளம்பித் திரையின் உச்சியைத் தொட்டது. ஆய்வாளர் மூன்று நாளில் முதல் தடவையாகச் சிரித்தார். சிவப்புப் பேனாவை மூடிப் பையில் போட்டு, நீலப் பேனாவை எடுத்து, நாலு இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

ஐந்தே முக்காலுக்குப் பத்து மாதக் குழந்தையின் ரிப்போர்ட் வெளியே வந்தது. ஆர்.எஸ்.வி., மூன்றாம் நம்பர், பக்கத்துக் கட்டிலுக்கு வேகமாகப் பரவுகிற வைரஸ். தனி அறை அவனுக்குத்தான்.

ரிப்போர்ட்டை வாங்கிக்கொள்ள சிஸ்டரே லேப் வரை வந்தாள். சுத்தமூக்கரைத்தான் டாக்டரம்மா வார்டுப் பக்கம் போகக்கூடாது என்றுவிட்டாரே. வராந்தாவின் அந்தக் கடைசியில் தூய வெள்ளை உடையில் அவள் திரும்புவதைப் பார்த்ததும் சுத்தமூக்கர் காகிதத்தை உறையில் போட்டு, மஞ்சள் கோட்டருகே இருந்த மேஜையில் வைத்துவிட்டு, நாலடி பின்னால் போய் நின்றார். ஒத்திகையைத் துவங்கினார்.

"ரிப்போர்ட், சிஸ்டர்," என்றார்.

"அவ்வளவுதானா?" என்றாள் அவள், உறையை எடுத்துக்கொண்டு. மாஸ்க்குக்கு மேல் தெரிந்த கண்கள் சிரித்தனவா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை.

"அவ்வளவுதான்... சிஸ்டர்."

பின்னால் கவுன்டர் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"மாமா!" வாலு அவருடைய சட்டையைப் பிடித்து இழுக்கக் கையை நீட்டினாள். முகத்தில் பாதியை மறைத்த பெரிய மாஸ்க். "காதைக் குடுங்க. இன்னைக்கு நிஜமாவே சொல்லிடறேன்."

"காதெல்லாம் கிடையாது!" என்று அதட்டினார் டாக்டரம்மா. "ஒரு ஆஸ்பத்திரியையே காது வழியா கவுத்துட்டே. இனிமே எது சொல்றதா இருந்தாலும் அந்தச் சுவரோரம் போய் நின்னு, சத்தமாச் சொல்லு."

"சத்தமாவா?" வாலு திகைத்தாள். டாக்டரம்மாவைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். அக்கா தலையசைத்தாள். லிஃப்ட் அண்ணன் கதவைப் பிடித்துக்கொண்டே தலையசைத்தார். கையில் பெட்டியோடு கிளம்பிக்கொண்டிருந்த ஆய்வாளர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, 'ம், சொல்லு' என்பதுபோல் கையைக் காட்டினார்.

வார்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த சிஸ்டர் பாதி வராந்தாவில் நின்றுவிட்டாள். திரும்பவில்லை. கழுத்து மட்டும் சிவந்தது.

வாலு சுவரோரம் ஓடிப்போய் முதுகை ஒட்டி நின்றாள். இழுக்க முடிந்த அளவு மூச்சை இழுத்தாள். மாஸ்க் உள்ளே போய் வெளியே வந்தது.

"மாமா! போன வாரம் முதல்ல அம்மாகிட்டதான் கேட்டேன், அம்மா சரின்னுட்டாங்க! அப்புறம் இவங்க எல்லார்கிட்டயும் கேட்டேன், நீங்களும் சரின்னுதான் சொல்லுவீங்கன்னாங்க! உங்ககிட்ட கேக்கத்தான் பயமா இருந்துச்சு... எங்க அம்மாவைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?"